சிஸ்டர் காட்டுக் குளம்

குளம் வெட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என்னைப் பேசச் சொன்னார் முதலாளி. மைக் எல்லாம் வைப்போம் என்றார். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "எழுதுவீகளா?" என்று சந்தேகமாகக் கேட்டார். பத்தாவது வரை படித்தவள், எழுதுவேன். முட்டி இரண்டும் கெட்டுப்போய் வேலையை விட்டு நின்ற பிறகு பொழுதும் இருக்கிறது.

மட்டம் பார்ப்பது, கரைக்குச் சரிவு வைப்பது, நிறைந்த தண்ணீர் வெளியே போக மறுகால் எந்தப் பக்கம் விடுவது, இதெல்லாம் வேலையில் தானாக வரும். தப்பாக வைத்தால் தண்ணீரே வந்து சொல்லும். அதை நான் எழுதப் போவதில்லை. ஒரு குளத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் மேற்பார்த்த குளங்களில் நான் குறைவாக வேலை செய்த குளம் அதுதான். ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அந்த மாதிரி ஒரு வார்த்தை உங்களுக்கும் ஒரு நாள் சொல்ல வேண்டி வரும் என்பதால் எழுதுகிறேன்.

இருக்கன்குடி போகும் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, எங்கள் ஊரை ஒட்டி ஒரு காடு கிடந்தது. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தையும் காடு என்றுதான் சொல்வோம். இது நிஜமாகவே காடாகிவிட்ட காடு. பல வருசமாக உழவு இல்லாமல் சீமைக் கருவேலம் மண்டி, நடுநடுவே வேம்பும் உடைமரமும் பனையும் நின்றன. உள்ளே மயில் இருந்தது, முயல் இருந்தது, சீட்டு விளையாடுகிறவர்கள் இருந்தார்கள். காட்டுக்குச் சொந்தக்காரர் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற எஸ்தர். ஊரில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். அப்பா வழியில் வந்த நிலத்தில் சின்னதாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு குடிவந்தார். வந்த கையோடு, காட்டுக்கு நடுவில் பெரிய குளம் ஒன்று வேண்டும் என்றார்.

எதற்கு என்று முதலாளி கேட்டார். மீன் வளர்க்கவா, தோட்டம் போடவா?

"பாக்குறதுக்கு" என்றார் சிஸ்டர்.

முதலாளிக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீரைப் பார்ப்பதற்கென்று யாரும் செலவு செய்தது கிடையாது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆடு மாடும் குடிக்கட்டும், மயிலும் குடிக்கட்டும் என்று சிஸ்டர் சேர்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு முதலாளி கொஞ்சம் தெளிந்தார்.

பொக்லைன் வண்டிக்குப் பொன்ராஜ் வந்தான். எங்கள் ஊர்தான், எனக்குத் தம்பி முறை. அவனுக்கு வாய் ஓயாது. நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். காலையிலிருந்து நான் ஒரு சொல் பேசாமல் நிற்கும் நாளில், "யக்கா, கொஞ்சம் பேச்சக் கொறங்க, தல வலிக்கி" என்பான். அவன் மனைவி முத்துமாரி, காட்டின் கிழக்கு வேலியை ஒட்டி இருந்த பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. நானும் கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் மருந்து அடைத்தவள்தான்.

சிஸ்டருக்கு ஒரே ஒரு நிபந்தனை. சீமைக் கருவேலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பிடுங்கலாம். வேறு மரம் ஒன்றில்கூடக் கை வைக்கக் கூடாது. நாங்கள் முதலில் குறித்த இடத்தில் சரியாகக் கரை வரும் கோட்டில் ஒரு பெரிய வேம்பு நின்றது. கரைக்குள் மரத்தை விட்டுவைக்க முடியாது. என்றைக்காவது மரம் பட்டுப்போனால் வேர் மக்கிவிடும். வேர் இருந்த வழியில் தண்ணீர் புகுந்து கரையைக் கொண்டுபோய்விடும். இதை சிஸ்டரிடம் சொன்னேன். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பக் குளத்தத் தள்ளிப் போடு" என்றார், கட்டிலைச் சொல்வது போல.

கிழக்கே தள்ளிப் போட்டோம். அதில் ஒரு வசதியும் இருந்தது. கம்பெனி வேலிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், முள்ளே இல்லாமல் களம் மாதிரி வெறுமையாக ஓர் இடம் கிடந்தது. சீட்டு விளையாடுகிறவர்கள் உட்காரும் இடம். பாட்டில்கள் கிடந்தன. ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்துபோன இடம் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். முள் முளைக்காத இடமாகப் பார்த்து அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சீமைக் கருவேலம் தார் ரோட்டைப் பிளந்துகொண்டு வருகிற மரம். அது வராத இடம் ஒன்று இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்.

பட்டாசுக் கம்பெனியை ஒட்டி மண் எடுப்பதென்றால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் கம்பெனிக்குப் போய், இந்தப் பக்கம் கழிவு எதுவும் புதைத்திருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். முதலாளி போய்க் கேட்டார். ஆபீசில் இல்லை என்றார்கள். எந்த ஆபீசிலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதுவும் வழக்கம்தான். இரண்டு வழக்கமும் முடிந்ததால் வேலையை ஆரம்பித்தோம்.

அப்போது ஆவணி மாதம். கம்பெனியில் தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்தது. ஆர்டர் குவிந்து, ஞாயிற்றுக்கிழமையும் ஆள் கூப்பிட்டார்கள். எங்களுக்கும் அவசரம்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் கரை எழும்பிவிட வேண்டும். மேல் கரிசலை வழித்துக் கரைக்குப் போட்டுக்கொண்டே போனோம். மூன்று பக்கம் கரை வந்துவிட்டது. கிழக்குப் பக்கம் மட்டும் பாக்கி.

குழி ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்த ஒரு மத்தியானம், பொன்ராஜ் அந்த வெற்று இடத்தில் பக்கெட்டைக் குத்தி அள்ளினான். நான் எதிர்க் கரையில் நின்றிருந்தேன். பக்கெட் மேலே வந்தது. அதில் மண் குறைவாக இருந்தது. சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக என்னவோ இருந்தது. இடையிடையே சிவப்பும் பச்சையுமாகக் காகிதக் குழல்கள், பாதி மக்கியவை.

முதலில் வாசம் வந்தது. கம்பெனியை விட்டு வந்து எத்தனை காலம் ஆனாலும் அந்த வாசத்தை மூக்கு மறக்காது. அதற்குப் பிறகு, பனிக் காலத்தில் விடிகாலையில் எருக்குழியைக் கிளறினால் வருமே, அந்த மாதிரி பக்கெட்டின் வாயிலிருந்து மெல்லிசாக ஒன்று எழும்பியது. ஆவியா புகையா என்று தெரியவில்லை. ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். எவ்வளவு சூடேறினால் வெடிக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் வந்து சொன்னதில்லை.

பொன்ராஜும் பார்த்துவிட்டான். அவன் வாய் மூடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கெட் அவன் தலைக்கு மேல் உயரத்தில் நின்றது. அப்படியே கொட்டினால் விழுகிற வேகத்தில் உரசும். வண்டியைத் திருப்பினால் வழியெல்லாம் சிந்தும். பின்னால் புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருக்கிறது. லீவரைப் பிடித்து மெதுவாக இறக்கலாம்தான். ஆனால் அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் கை நடுங்கினால் வண்டியின் கையும் நடுங்கும்.

அந்த வண்டிக்கு ஒரு சீக்கு உண்டு. தூக்குகிற சிலிண்டரில் எண்ணெய் கசியும். எஞ்சினை அணைத்துவிட்டால் தூக்கிய கை நிற்காது. நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு வந்து உட்கார்ந்திருக்கும். சரிசெய்யச் சொல்லிப் பல தடவை முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது. சீசன் முடியட்டும் என்பார். எங்களுக்கு எந்தச் சீசனும் கிடையாது.

கரையிலிருந்து இறங்கி அவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று, "அணச்சிரு" என்றேன்.

"அணச்சாக் கை எறங்கிரும்க்கா."

"எறங்கட்டும்."

அணைத்தான். சத்தம் நின்றதும் எங்கேயோ மயில் கத்துவது கேட்டது. செருப்பையும் போனையும் உள்ளேயே வைத்துவிட்டு இறங்கச் சொன்னேன். கம்பெனிக்குள் நுழையும்போது எல்லோரும் செய்வதுதான் அது. அவன் செருப்புக்கு அடியில் ஆணி அடித்திருந்தான், உரசினால் பொறி பறக்கும்.

"போனுமாக்கா?" என்றான்.

"போனுந்தான்."

மனசே இல்லாமல் வைத்தான். வெறுங்காலோடு இறங்கி, சங்கிலிச் சக்கரத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றி, நான் காட்டிய வழியில் மேலே ஏறினான். ஏறும்போது பிடுங்கிப் போட்டிருந்த கருவேல முள் ஒன்று உள்ளங்காலில் ஏறியது. அன்றைக்கு யாருக்காவது பட்ட காயம் என்றால் அது ஒன்றுதான்.

வேம்படியில் நின்று பார்த்தோம். பக்கெட் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் இறங்கியிருந்தது. அவ்வளவு மெதுவாக எந்த மனுசன் கையும் இறக்காது. அள்ளிய பள்ளத்திலேயே போய் அது உட்கார்ந்தது. எழும்பிக்கொண்டிருந்ததும் அடங்கியது. ஆவிதான் போல.

இதை என் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டியின் சீக்கு எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். நீங்கள் வேலை பார்க்கும் வண்டியின் நல்ல குணத்தை விற்கிறவனே சொல்லிவிடுவான். கெட்ட குணத்தை நீங்கள்தான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வண்டிச் சத்தம் திடீரென்று நின்றதும் ஆள் கூடிவிட்டது. கம்பெனியில் சாப்பாட்டு நேரம். பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். முத்துமாரி சோற்றுக் கையோடு நின்றாள். கம்பெனிப் போர்மேன் வேலியைத் தாண்டி வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. ஆபீசில் இல்லை என்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எங்களுக்குப் புரிந்தது.

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கெஞ்சினார். தான் வேலைக்கு வருவதற்கு முன்னால் புதைத்தது என்றார். எத்தனையோ மழை பார்த்துவிட்டது, செத்த மருந்து, இனி அதில் ஒன்றும் இல்லை என்றார். மண்ணைப் போட்டு மூடிவிட்டுக் குளத்தைக் கொஞ்சம் மேற்கே தள்ளிக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வெளியே சொன்னால் அதிகாரிகள் வந்து கம்பெனியைப் பூட்டுவார்கள். சீசன் நேரத்தில் பூட்டினால் இந்தப் பொம்பளைகள் எல்லாம் தீபாவளி வரை வீட்டில் உட்கார வேண்டியதுதான். செத்த மருந்து, தொந்தரவு இல்லை என்ற இரண்டையும் தவிர மற்றது எல்லாம் உண்மை.

வீட்டிலிருந்து வந்துவிட்ட சிஸ்டர் பொன்ராஜின் காலை மடியில் தூக்கி வைத்து, ஒரு ஊக்கால் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பொன்ராஜ் வாயைத் திறந்தான். சற்று முன்பு அந்தப் பக்கெட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் அவன். கம்பெனி மேல் கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"மூடிருவோம்க்கா" என்றான். "எனக்குத்தான் ஒண்ணும் ஆகலைல்ல. இவ வேலைக்குப் போகணும்க்கா. தீவாளிக்கு முன்ன கம்பெனியப் பூட்டுனா ஊரு என்னத்தத் திங்கும்?"

முள் வந்துவிட்டது. சிஸ்டர் அதைத் தூர எறிந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எனக்கு மண்ணு தெரியாது. மூடிட்டுத் தள்ளி வெட்டுனா சரியா இருக்குமா? நீ பாத்துச் சொல்லு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு மண் தெரியும். அங்கே மேலே கரிசல், அதற்கு அடியில் சுக்கான். ஆலங்குளம் பக்கம் சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக் கல்லுக்கு இது ஏழைச் சொந்தக்காரன். சுக்கானில் தண்ணீர் நிற்காது, நடந்து போய்விடும். இத்தனை மழை பெய்தும் அந்தக் கழிவு சும்மா கிடந்ததற்கு அதுதான் காரணம். பெய்த தண்ணீர் தங்காமல் அடியில் இறங்கி, குழி மறுபடி காய்ந்துபோயிருக்கிறது. நாங்கள் வெட்டுவது வருசம் முழுக்கத் தண்ணீர் கிடக்கும் குளம். அந்தக் காட்டுக்குள் எங்கே தள்ளி வெட்டினாலும் கொஞ்சம் தண்ணீர் சுக்கான் வழியாகப் பக்கவாட்டில் நடந்து அந்தக் குழிக்குப் போகும். கழிவு காயவே காயாது. ஒரு நாள் சூடேறும். சூடேறாவிட்டால் கரைந்து, ஆடு மாடு குடிக்கிற தண்ணீருக்கும் ஊர்க் கிணற்றுக்கும் வரும். குளமே வேண்டாம் என்று மூடினாலும், பின்னால் யாராவது ஒருவர் அங்கே கடப்பாரை போடுவார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. முத்துமாரியின் விரலில் சோறு காய்ந்துகொண்டிருப்பதும் தெரிந்தது.

"தெரியலையே" என்று சொல்லியிருக்கலாம். கூச்சம் உள்ளவர்களுக்கு அந்த வார்த்தை ஒரு வீடு மாதிரி. எத்தனையோ தடவை அதற்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறேன். யாரும் வந்து தட்டியதில்லை. அன்றைக்கும் தட்டியிருக்க மாட்டார்கள். பொய் என்று கண்டுபிடிக்க அங்கே இன்னொருவருக்கு மண் தெரியாது. சிஸ்டர் மூடச் சொல்லியிருப்பார், மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். பொன்ராஜ் எனக்கு டீ வாங்கித் தந்திருப்பான்.

"கூடாது சிஸ்டர்" என்றேன்.

என் குரல் சிஸ்டரைத் தாண்டிப் போகவில்லை. வேலியோரத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் போர்மேன். "அவுகளும் கேக்கட்டும்."

அவர் அப்படிச் சொன்னது நியாயம்தான். முதல் தடவை நிலத்துக்காரரிடம் சொன்னேன். இரண்டாம் தடவை முத்துமாரியைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"கூடாது. எங்கன வெட்டுனாலும் தண்ணி அங்கன போயிரும்."

யாரும் கத்தவில்லை. முத்துமாரி குழாய்க்குப் போய்க் கையைக் கழுவினாள். பொன்ராஜ் ஒற்றைக் காலை ஊன்றாமல் நொண்டிக்கொண்டே காட்டை விட்டுப் போனான். செருப்பு வண்டியிலேயே கிடந்தது. சிஸ்டர் போனை எடுத்துப் பேச வேண்டியவர்களிடம் பேசினார். அவர் வேலை பார்த்தது தீக்காய வார்டு என்று ஊருக்கே தெரியும். அந்த வார்டைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். அந்த வேலை தெரிந்தவர்களைக் கூட்டிவந்து, கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் எல்லோரும் ஊர் எல்லையில் நிற்க வேண்டும் என்றார்கள், நின்றோம். குழி நினைத்ததை விடப் பெரியது. கம்பெனியைப் பூட்டினார்கள். பொக்லைன் வண்டியையும் வழக்குக்கு வேண்டும் என்று, பக்கெட் குழிக்குள் கிடந்த வாக்கில் அப்படியே முத்திரை போட்டு நிறுத்திவிட்டார்கள். வேறு வண்டி கேட்டோம். அந்தக் காட்டுக்கு வண்டி அனுப்ப ஒருவரும் சம்மதிக்கவில்லை. பொன்ராஜ் லாரி ஓட்டப் போய்விட்டான்.

ஊரில் என்னை யாரும் திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பேச்சு இல்லாமல் இருப்பது பழக்கம் என்பதால் அது பெரிய தண்டனையாக இருக்காது என்று நினைத்தேன். பேசாமல் இருப்பதும் பேசப்படாமல் இருப்பதும் வேறு வேறு என்று அந்தப் புரட்டாசியில் தெரிந்துகொண்டேன். நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சரியாகச் சொன்னவள் என்று குழாயடியில் யாரும் என் குடத்தை முன்னால் நகர்த்தவில்லை. கடைசியாகத்தான் பிடித்தேன். உங்களிடம் கேட்பது மண்ணைப் பற்றிய கேள்வியாகத்தான் இருக்கும். பதில் யார் வீட்டு அடுப்பில் போய் விழும் என்று உங்களுக்குத் தெரிந்தே இருக்கும். அப்போதும் மண் சொல்வதைத்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு யாராவது தட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கால் வலிக்கும்.

புரட்டாசி நடுவில் ஒரு நாள் காலையில் முத்துமாரியும் கம்பெனிப் பெண்களும் கூட்டமாகக் காட்டுக்கு வந்தார்கள். நான் கரையில்தான் நின்றேன். என்னைத் தாண்டிப் போய் சிஸ்டரிடம், "வண்டிதான் நிக்கிதே, மண்ணு யாரு சொமப்பா?" என்று கேட்டாள் முத்துமாரி. சிஸ்டர் அன்றைக்கே வேலை கொடுத்தார்.

கழிவு கிடந்த குழிக்கு இந்தப் பக்கமாகக் குளத்தைச் சுருக்கி, குழிக்கும் குளத்துக்கும் நடுவில் களிமண்ணை ஆழமாக இறக்கி, கிழக்குக் கரைக்குப் புதுக் கோடு போட்டேன். அவர்கள் வெட்டிச் சுமந்தார்கள். என்னிடம் பேசுவதில்லை என்பதால் எல்லாம் சிஸ்டர் வழியாக நடந்தது. "சிஸ்டர், கோடு அழிஞ்சுபோச்சுன்னு அவுககிட்டச் சொல்லுங்க" என்பாள் முத்துமாரி. நான் ஒரு முழம் தள்ளி நிற்பேன். சிஸ்டர் என்னிடம் திரும்பி, "கோடு அழிஞ்சுபோச்சாம்" என்பார். நான் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு போய்ப் போடுவேன். "போட்டாச்சாம்" என்பார் சிஸ்டர், அவர்கள் கண் முன்னாலேயே போட்டிருந்தாலும். இத்தனை வருச ஆஸ்பத்திரி வேலையில் இந்த மாதிரி டூட்டி பார்த்ததில்லை என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

ஆனால் வேலை சுத்தமாக இருந்தது. ஆண்கள் கரை போட்டால் லோடைக் கவிழ்த்துவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விடுவார்கள். இவர்கள் கம்பெனியில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப் பழகிய கைகள். மண்ணை மெல்லிசாகப் பரப்பி, கட்டி ஒன்று கிடந்தாலும் எடுத்து உடைத்து, தண்ணீர் தெளித்து, வரிசையாக நின்று மிதித்து, அதற்கு மேல் அடுத்த படலம் போட்டார்கள். ஒருத்தி கட்டியைப் பார்க்காமல் விட்டுவிட்டால் இன்னொருத்தி, "ஏத்தா, அது ஒம் மாமியா தலையா, ஒடைக்கப் பயப்படுத?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உடனே நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தக் குளம் நிறைந்தது, கரை நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் நிற்காமல் போயிருக்கவும் கூடும்.

ஐப்பசி பிறந்ததும் கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். எப்படித் திறந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் கம்பெனிச் சங்கு ஊதியது. காட்டுக்கு யாரும் வரவில்லை. கிழக்குக் கரையில், மண் சுமந்து போய்வருவதற்காக ஒரு மாட்டு வண்டி நுழையும் அளவுக்கு விட்டிருந்த வாய் அப்படியே திறந்து கிடந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வடக்கே மழை பெய்தால் குளத்தில் வந்து விழுகிற ஓடையில் தண்ணீர் வரும். குளத்துக்குள் தண்ணீர் ஏறி அந்த வாயைக் கண்டுபிடித்தால், வாயின் இரண்டு பக்கத்தையும் அறுத்துக்கொண்டு கரை முழுவதையும் எடுத்துப் போய்விடும். இத்தனை நாள் அவர்கள் சுமந்த மண் அத்தனையும் அடுத்தவர் நிலத்தில் கிடக்கும்.

சிஸ்டரும் நானும் மட்டும் சுமந்தோம். அவர் வெட்டிச் சட்டியில் பாதி போடுவார். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோய்க் கொட்டுவேன். நடுவில் தூற்றல் விழுந்து நின்றது. சாயங்காலம் வரை சுமந்து ஒரு கோழிக் கூடு அளவுக்கு மூடியிருந்தோம்.

கம்பெனிச் சங்கு மறுபடி ஊதியது. கொஞ்ச நேரத்தில் வேலியோரம் பேச்சுச் சத்தம் கேட்டது. பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். கம்பெனியில் குளித்துவிட்டு வந்த ஈரத் தலை. குளித்தாலும் போகாத வெள்ளிப் பொடி காதோரம் மினுங்கியது. வீட்டுக்குப் போகும் பாதை அந்தப் பக்கம். அவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள்.

முத்துமாரி நேராக வந்து சிஸ்டர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்காக வந்தோம்னு நெனச்சுக்கிறாதீக" என்றாள். "இது நாங்க போட்ட கரை. ஒடஞ்சா எங்களத்தான் சொல்லுவாக."

சரி என்று தலையை ஆட்டினேன்.

"மண்ணு எங்கன எடுக்கணும்?"

கையை நீட்டிக் காட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்கக்கா" என்றாள். "அன்னைக்கு மட்டும் நல்லாக் கேட்டுச்சு."

சொன்னேன்.